எம்13: நடு எரியாமல் படம் எடுக்கப் பட்ட பாடு

1764-இல் பிரெஞ்சு வானியலாளர் சார்ல் மெஸ்ஸியே எம்13 என்ற கோள விண்மீன் கொத்தைப் பார்த்துவிட்டு, நட்சத்திரம் எதுவும் இல்லாத வட்டமான மேகம் என்று குறித்து வைத்தார். நான் எடுத்த முதல் படத்தை அவரிடம் காட்டியிருந்தால், தான் சொன்னதற்குச் சாட்சி கிடைத்ததென்று சந்தோஷப்பட்டிருப்பார். நடுவில் ஒரு வெள்ளை உருண்டை. ஓரத்தில் பஞ்சு பிரிந்த மாதிரி சில புள்ளிகள். அவ்வளவுதான். மூன்று நிமிட எக்ஸ்போஷர் இருபது எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து (ஸ்டேக் செய்து), ஆசையோடு திறந்து பார்த்தால் கணினித் திரையில் ஒரு முட்டை உட்கார்ந்திருந்தது.

கோள விண்மீன் கொத்து சுலபமான வேலை என்று நினைத்துத்தான் இறங்கினேன். எம்13-இன் பொலிவெண் 5.8 (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்). நல்ல இருட்டான வானத்தில் வெறும் கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். 1714-இல் எட்மண்ட் ஹேலி அதை அப்படித்தான் பதிவு செய்தார். நெபுலாக்களை, அதாவது மங்கலான வாயு மேகங்களை, எடுக்க மணிக்கணக்கில் வெளிச்சத்தைச் சேகரிக்க வேண்டியிருக்கும்போது, இத்தனை பிரகாசமான கொத்து ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கில்தான் தப்பு. நெபுலாவில் எக்ஸ்போஷர் கூடக்கூட நல்லது. கோளக் கொத்தில் சில லட்சம் நட்சத்திரங்கள் முழுநிலவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அங்கே வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு நட்சத்திரத்தையும் எவ்வளவு சின்னதாக விழ வைக்கிறோம் என்பதில்தான் படமே இருக்கிறது. நட்சத்திரம் கொஞ்சம் பருத்தாலும் பக்கத்திலிருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதெல்லாம் சேர்ந்து முட்டையாகிவிடும்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏறக்குறைய ஒரு பருவம் பிடித்தது. அந்த இரவுகளின் குறிப்பேட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கருவிகளைப் பற்றி முதலில் சுருக்கமாக. 150 மி.மீ. விட்டமுள்ள நியூட்டோனியன் தொலைநோக்கி, குவியத் தூரம் 750 மி.மீ., அதாவது எஃப்/5. வானத்தின் சுழற்சியோடு தொலைநோக்கியைத் திருப்பும், நடுத்தர எடையைத் தாங்கும் ஈக்வடோரியல் மவுன்ட். பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்று, பிக்சல் அளவு 4.3 மைக்ரான். படத்தின் மூலைகளில் நட்சத்திரங்கள் வால் முளைத்தாற்போல் நீள்வதைத் தடுக்கும் கோமா கரெக்டர் பின்னால்தான் வந்து சேர்ந்தது. கொத்து எப்படியும் நடுவில்தானே இருக்கிறது என்று முதல் சில மாதங்கள் அது இல்லாமலே ஓட்டினேன். அதில் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை.

ஒரு சின்னக் கணக்கு மட்டும் முதலிலேயே போட்டுவிடுவது நல்லது. பிக்சல் அளவை மைக்ரானில் எழுதி 206-ஆல் பெருக்கி, குவியத் தூரத்தால் வகுத்தால், ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை ஆர்க்செகண்டைப் பார்க்கிறது என்பது வரும். ஒரு டிகிரியை 3,600 கூறாகப் போட்டால் ஒரு கூறு ஓர் ஆர்க்செகண்ட். என் கருவிக்கு விடை 1.18. எம்13-இன் அகலம் ஏறத்தாழ 1,200 ஆர்க்செகண்ட் என்பதால், படத்தில் அது ஆயிரம் பிக்சல் அளவுக்கு விழும். போதுமான அளவுதான். காற்றின் நடுக்கம் காரணமாகச் சாதாரண இரவில் ஒரு நட்சத்திரம் 3 ஆர்க்செகண்ட் வரை பரவித் தெரியும். அதாவது இரண்டரை பிக்சல். இதைவிடச் சிறியதாக எடுக்க என் கையில் வழியில்லை. இதைவிடப் பெரிதாக வந்தால், குற்றம் என்னிடமோ என் கருவியிடமோ இருக்கிறது. முதல் படத்தில் ஒரு நட்சத்திரத்தின் அகலம் 4.9 பிக்சல்.

தேர்வுக்கு ஒரு கேள்வியும் வைத்துக்கொண்டேன். எம்13-இன் மையத்திலிருந்து சற்றுத் தள்ளி மூன்று இருண்ட கோடுகள் ஒரு புள்ளியில் கூடும், விசிறி இறக்கைகள் மாதிரி. அயர்லாந்தில் ராஸ் பிரபுவின் 72 அங்குலத் தொலைநோக்கி வழியாக 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அதைக் கவனித்து வரைந்தார்கள். என் படத்தில் அந்த விசிறி தெரிந்தால் நடு எரியவில்லை, அதாவது வெறும் வெள்ளையாகிவிடவில்லை, என்று அர்த்தம். முட்டையில் அது எங்கே தெரியும்!

மவுன்டிலிருந்து ஆரம்பித்தேன். மவுன்டின் அச்சு வான துருவத்தைச் சரியாகக் குறி வைக்க வேண்டும். அதற்குத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்தால் போதும். ஆனால் எனக்கு அது பக்கத்து வீட்டுக் கூரைக்குப் பின்னால். ஆகவே நட்சத்திரம் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்து அச்சைத் திருத்தும் பழைய வழி. வான நடுக்கோட்டுக்கு அருகே, தெற்கே உச்சிக்கோட்டைக் கடக்கும் நிலையில் உள்ள ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துச் சில நிமிடங்கள் விட்டுப் பார்க்க வேண்டும். அது தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே சாய்ந்திருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. பிறகு கிழக்கு வானத்தில் ஒரு நட்சத்திரம். அது தெற்கே நழுவினால் அச்சு தாழ்வு, வடக்கே நழுவினால் உயரம். இது வடபாதிக் கோளத்துக்கான விதி. தென்பாதியில் அப்படியே மாறும். கேமராத் திரையில் எது வடக்கு என்று குழம்பினால், குழாயை வடக்குப் பக்கமாக விரலால் லேசாகத் தள்ளுங்கள். நட்சத்திரம் போகும் பக்கம் தெற்கு. இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் ஓர் இரவு முழுக்க அச்சைத் தப்பான பக்கம் திருகிக்கொண்டிருந்தேன். திருகத் திருக நழுவல் கூடிக்கொண்டே போனது.

அச்சு சரியானதும் அடுத்த சிக்கல் பல்சக்கரம். என் மவுன்டின் நடுச் சக்கரத்தில் 144 பற்கள். அதைச் சுற்றும் திருகு ஒரு சுற்றுப் போக 598 விநாடிகள், ஏறக்குறைய பத்து நிமிடம். திருகைக் கடைந்ததில் உள்ள சிறு கோணல், ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் நட்சத்திரத்தை ஒரு தடவை முன்னும் பின்னும் ஆட்டும். ஆட்டம் எவ்வளவு என்று பார்க்க ஒரு தந்திரம் உண்டு. அச்சை வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்துவிட்டு, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பத்து நிமிடம் ஒரே எக்ஸ்போஷரில் எடுத்தால், அது நழுவிக்கொண்டே ஆடுவதால் படத்தில் ஓர் அலைக் கோடு விழும். என் அலையின் உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையே 22 பிக்சல், அதாவது 26 ஆர்க்செகண்ட். அலை வேகமாக ஏறும் இடத்தில் 30 விநாடி எடுத்தால்கூட நட்சத்திரம் மூன்றரை பிக்சல் இழுபடும். அலை திரும்பும் இடத்தில் அதே 30 விநாடி பளிச்சென்று வட்டமாக வரும். பாதிப் படம் நன்றாகவும் பாதி கோடாகவும் வந்துகொண்டிருந்ததன் ரகசியம் இதுதான். அதுவரை காற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் 50 மி.மீ. ஃபைண்டரின் (குறி பார்க்க உதவும் குட்டித் தொலைநோக்கி) பின்னால் ஒரு சிறு கேமராவைப் பொருத்தி, பிஎச்டி2 மென்பொருள் வழியாக மவுன்டைத் திருத்திக்கொண்டே இருக்கும்படி செய்தேன். நட்சத்திரத்தின் ஆட்டம் இப்போது ஓர் ஆர்க்செகண்டை ஒட்டி நிற்கிறது. எடையைச் சமன் செய்யும்போது கிழக்குப் பக்கம் ஒரு மயிரிழை கனமாக விட்டுவைத்தால், சக்கரத்தின் பல் எப்போதும் ஒரே பக்கம் அழுந்தி நிற்கும், இடையில் தளராது. கேபிள்களைக் குழாயோடு கட்டிவையுங்கள். ஒரு முறை தொங்கிக்கொண்டிருந்த கேபிள் முக்காலியின் திருகில் மாட்டி, நாற்பது படம் வில்லாக வளைந்தது.

இத்தனைக்கும் பிறகு நட்சத்திரங்கள் வட்டமாக வரவேண்டுமல்லவா? வரவில்லை. முக்கோணமாக வந்தன.

மங்கலான நட்சத்திரங்களில் அது அவ்வளவாகத் தெரியவில்லை. எம்13-ஐச் சுற்றி நிற்கும் பிரகாசமான சிலவற்றில் மூன்று மழுங்கிய மூலைகள். கொத்துக்குள்ளே பார்த்தால் எல்லாம் ஒரே திசையில் மூலை நீட்டிக்கொண்டு, உடைந்த கண்ணாடித் துண்டுகளைக் குவித்த மாதிரி. கோளக் கொத்தின் கொடுமை இது. நெபுலாப் படத்தில் நட்சத்திரம் கொஞ்சம் கோணலாக இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே கருவியின் ஒரு குறை ஆயிரக்கணக்கான பிரதிகளாக அச்சாகி வந்து நிற்கும்.

முதலில் சந்தேகப்பட்டது கண்ணாடிகளின் ஒழுங்கை. சரிபார்த்தேன், சரியாகவே இருந்தது. யோசித்தால் அதற்கு வாய்ப்பும் இல்லை. ஒழுங்கு தவறினால் நட்சத்திரம் ஒரு பக்கம் வால் விடும். மூன்று மூலை வராது. ஃபோக்கசர் தளர்ந்து தொங்குகிறதோ என்று இரண்டு இரவுகள் அதோடு மல்லுக்கட்டினேன். அதுவும் இல்லை. பல வருடமாகப் படமெடுக்கும் நண்பர் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். பார்த்தவுடன், "ஃபோக்கஸை உள்ளேயும் வெளியேயும் தள்ளிப் பாருங்க. முக்கோணம் தலைகீழாகுதான்னு சொல்லுங்க" என்றார்.

அன்று இரவு பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்து, ஃபோக்கஸை ஒரு சுற்று உள்ளே தள்ளினேன். ஒளி வட்டமாக விரியாமல் மூலை மழுங்கிய முக்கோணமாக விரிந்தது, முனை மேலே. வெளியே இழுத்தேன். முனை கீழே. நண்பரிடம் சொன்னதும் சிரித்தார். "கண்ணாடியோட கழுத்தை நெரிச்சு வெச்சிருக்கீங்க."

விஷயம் இதுதான். குழாயின் அடியில் இருக்கும் பெரிய கண்ணாடியை ஓர் உலோகத் தட்டில் உட்காரவைத்து, விளிம்பில் மூன்று கிளிப் போட்டுப் பிடித்திருப்பார்கள். கிளிப்புகளை அதிகம் முடுக்கினால் கண்ணாடி அந்த மூன்று இடங்களில் அழுந்தி மிக மிக லேசாக வளையும். அந்த வளைவே முக்கோணம். குளிர் ஏற ஏற உலோகம் கண்ணாடியைவிட அதிகமாகச் சுருங்குவதால் பிடி இன்னும் இறுகும். என் குறிப்பேட்டில், முன்னிரவில் சரியாக இருந்தது, பின்னிரவில் கெட்டது என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறேன். எழுதியவனுக்கே அப்போது அது உறைக்கவில்லை. கிளிப்பை முடுக்கியதும் நானேதான். போன வருடம் கண்ணாடியைக் கழுவிவிட்டு மாட்டும்போது, விழுந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் நன்றாக இறுக்கியிருந்தேன்.

பகலில் கழற்றினேன். குழாயைப் படுக்கவைத்து, தட்டும் குழாயும் சேருமிடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். திரும்ப அதே திசையில் மாட்டினால் ஒழுங்கு செய்யும் வேலை பாதியாகும். தட்டைப் பிடித்திருக்கும் ஓரத் திருகுகளை எடுத்ததும் கண்ணாடியோடு தட்டு மொத்தமாக வெளியே வந்தது. கண்ணாடியின் முகத்தில் விரல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை. கிளிப்பின் அடியில் இருந்த ரப்பர் துண்டுகள் நசுங்கி, அச்சு பதிந்துபோய்க் கிடந்தன. மூன்று கிளிப்பையும் தளர்த்தி, ஒவ்வொன்றுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சாதாரண எழுதும் தாள் ஒன்றைச் செருகி, தாள் உரசிக்கொண்டு வெளியே வரும் அளவுக்கு மட்டும் திருகினேன். தட்டை லேசாகக் குலுக்கினால் கண்ணாடி மெல்ல 'டக்' என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கை தானாகத் திருப்புளியைத் தேடியது. அடக்கிக்கொண்டேன். கிளிப்பின் வேலை கண்ணாடி கவிழ்ந்து விழாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே.

இரவில் முதல் வேலையாக அதே நட்சத்திரம். உள்ளே தள்ளினால் வட்டம், வெளியே இழுத்தால் வட்டம், நடுவில் சின்னக் கண்ணாடியின் நிழல் கச்சிதமாக. எம்13-க்குப் போகாமல் அதையே பத்து நிமிடம் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபோக்கஸுக்கு பாஹ்டினோவ் மறைப்பு போட்டுக்கொள்கிறேன். ஓர் அட்டையில் மூன்று திசையில் வரிவரியாக வெட்டிய தட்டு. நட்சத்திரத்தில் மூன்று ஒளிக்கோடுகள் விழும், மற்ற இரண்டும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்தின் சரியான நடுவில் நடுக்கோடு வந்தால் ஃபோக்கஸ் முடிந்தது. சுலபம். ஆனால் அதை மாலையில் ஒரு தடவை செய்துவிட்டு இரவு முழுக்க நம்பக் கூடாது. என் குழாய் இரும்புத் தகடு. வெப்பநிலை 8 டிகிரி இறங்கினால் 750 மி.மீ. நீளத்துக்கு ஏறத்தாழ 70 மைக்ரான் சுருங்குகிறது. எஃப்/5-இல் படம் கூர்மையாக நிற்கும் மொத்த ஆழமே 67 மைக்ரான்தான். நடுவில் ஃபோக்கஸ் வைத்திருந்தால் இந்தப் பக்கம் 33, அந்தப் பக்கம் 33. ஆக, இரவு பாதி போவதற்குள் ஃபோக்கஸ் நம் கையை விட்டுப் போய்விடுகிறது. இப்போது ஒவ்வொரு 40 நிமிடத்துக்கும் ஒரு தடவை மறைப்பைப் போட்டுப் பார்க்கிறேன். சலிப்பான வேலை, ஆனால் இந்த ஒன்றுக்காக மட்டுமே நட்சத்திர அகலம் அரை பிக்சல் குறைந்தது. கண்ணாடி குளிர்வதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே தொலைநோக்கியை வெளியே வைத்துவிடுவதும் இதோடு சேர்ந்ததுதான்.

பனி பற்றி ஒரு வார்த்தை. நியூட்டோனியனில் பெரிய கண்ணாடி குழாயின் அடியில் பத்திரமாக இருக்கும். மேலே வானத்துக்குக் காட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கண்ணாடிதான் முதலில் மூச்சுவிட்ட மாதிரி மங்கும். நட்சத்திரங்களைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் வர ஆரம்பித்தால் அதைப் பாருங்கள். அதன் முதுகில் ஒரு சின்ன ஹீட்டர் பட்டை ஒட்டினேன், பிரச்சினை தீர்ந்தது.

எக்ஸ்போஷருக்கு வருவோம். முட்டைப் படத்தை ஐஎஸ்ஓ 1600-இல், 180 விநாடி வைத்து எடுத்திருந்தேன். ஐஎஸ்ஓ-வைக் கூட்டினால் கேமரா அதிக வெளிச்சத்தைப் பிடிக்கும் என்ற நினைப்பு எனக்கும் இருந்தது. பிடிக்கிற வெளிச்சம் அதே அளவுதான். அதைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. பெருக்கப் பெருக்க பிக்சல் சீக்கிரமாக நிரம்பி வழியும். 400-இல் நிரம்ப எத்தனை எலக்ட்ரான் வேண்டுமோ, அதில் கால்வாசி இருந்தாலே 1600-இல் நிரம்பிவிடும். நிரம்பிய பிக்சலில் வெள்ளையைத் தவிர வேறு தகவல் கிடையாது. எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது.

ஓர் இரவை முழுக்கச் சோதனைக்கே ஒதுக்கினேன். கொத்து உச்சிக்குப் பக்கத்தில் வரும் நேரமாகப் பார்த்து (அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் எடுத்தால் உச்சியில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு காற்றைக் கடந்து வெளிச்சம் வர வேண்டியிருக்கும்), ஐஎஸ்ஓ 1600, 800, 400 மூன்றிலும் 10, 30, 60, 180 விநாடிகள் என்று எடுத்து, ஒவ்வொன்றிலும் மையத்தில் நிரம்பிப்போன நட்சத்திரங்களை எண்ணினேன். 1600-இல் 180 விநாடிக்கு எண்ணவே முடியவில்லை, மொத்தமும் ஒரு திட்டு. 800-இல் 60 விநாடிக்குப் பத்து பதினைந்து. 400-இல் 30 விநாடிக்கு நிரம்பியது ஒன்றுமில்லை. ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தில் வானத்தின் பின்னணி வெளிச்சமும் இருட்டோடு ஒட்டிக்கொள்ளாமல் இடப்புறத்திலிருந்து நன்றாக விலகி நின்றது. அதையே வைத்துக்கொண்டேன்.

30 விநாடி என்றால் எண்ணிக்கையில் ஈடுகட்ட வேண்டும். ஓர் இரவில் 214 படம். அதைத் தவிர 10 விநாடிப் படங்கள் அறுபது, மையம் கைவிட்டால் உதவட்டும் என்று. அவை தேவைப்படவே இல்லை, இருந்தாலும் இப்போதும் எடுக்கிறேன். இரண்டு மூன்று படத்துக்கு ஒருமுறை தொலைநோக்கியைச் சில பிக்சல் தள்ளிவைக்கும்படி மென்பொருளிடம் சொல்லிவிடுங்கள். தள்ளாவிட்டால் சென்சரின் நிரந்தரக் கறைகள் ஸ்டேக் செய்த படத்தில் மழைச்சாரல் மாதிரி ஒரே திசையில் கோடு இழுத்துவிடும்.

குறுகிய எக்ஸ்போஷரில் நான் எதிர்பார்க்காத இன்னொரு லாபம் இருந்தது: தூக்கி எறிவது சுலபம். மூன்று நிமிடப் படத்தை எறிய மனசு வராது. 30 விநாடிப் படம் போனால் போகிறது. சிரில் மென்பொருளில் எல்லாப் படங்களையும் நட்சத்திர அகலப்படி வரிசைப்படுத்தி, மோசமான 61-ஐ இரக்கமில்லாமல் நீக்கினேன். மிஞ்சிய 153 படங்களில் சராசரி அகலம் 3.1 பிக்சல். முதல் படத்தில் 4.9 இருந்தது நினைவிருக்கட்டும்.

ஸ்டேக் செய்து முடித்து, திரையில் தெரிவதற்காக ஆட்டோ-ஸ்ட்ரெட்ச் பொத்தானை அழுத்தினேன். முட்டை.

நெஞ்சு ஒரு நொடி நின்றுவிட்டது. இத்தனையும் செய்து மறுபடி அதே வெள்ளை உருண்டை! பிறகுதான் மையத்தில் கர்சரை வைத்து உண்மையான எண்களைப் பார்த்தேன். நிரம்பிய பிக்சல் ஒன்றுகூட இல்லை. தகவல் எல்லாம் பத்திரமாக உள்ளே இருந்தது. மங்கலானதைத் தூக்கிக் காட்டும் அந்தப் பொத்தான், பிரகாசமானதையெல்லாம் உச்சியில் கொண்டுபோய் ஒட்டியிருக்கிறது. கேமராவில் எரிக்காமல் காப்பாற்றிக் கொண்டுவந்ததைக் கணினியில் எரித்திருக்கிறேன். என் முந்தைய படங்களில் எத்தனை இப்படி வெந்தன என்று அன்று உட்கார்ந்து பழையதையெல்லாம் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல்.

ஆட்டோ-ஸ்ட்ரெட்ச் நெபுலாவுக்கு ஆனது. கோளக் கொத்துக்கு நான் ஆர்க்சைன்எச் என்ற ஸ்ட்ரெட்ச்சைப் பயன்படுத்துகிறேன். சாதாரண ஸ்ட்ரெட்ச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக மேலே தள்ளும். பிரகாசமான நட்சத்திரத்தில் மூன்றும் கூரையில் முட்டிக்கொண்டு வெள்ளையாகிவிடும். இது மூன்றுக்கும் உள்ள விகிதத்தைக் கலைக்காமல் மொத்தப் பிரகாசத்தை மட்டும் அமுக்கும், அதனால் நிறம் பிழைக்கும். ஒரே தள்ளாகத் தள்ளாமல் நாலைந்து சின்னத் தள்ளாகப் போகிறேன். ஒவ்வொன்றுக்குப் பிறகும் மையத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். அடுத்தடுத்த இரு நட்சத்திரங்களுக்கு நடுவே இருட்டு தெரிகிற வரை போகலாம். அது நிரம்ப ஆரம்பித்தால் ஒரு படி பின்வாங்கிவிடுவேன். ஓரத்தில் பரவிக் கிடக்கும் மங்கலான நட்சத்திரங்களையும் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை அப்போது வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுத்தால் நடு போய்விடும். நான் நடுவின் பக்கம்.

ஸ்ட்ரெட்ச்சுக்கு முன்பே நிறத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கையா விண்கலத்தின் பட்டியலில் உள்ள நட்சத்திர நிறங்களோடு ஒப்பிட்டு சிரில் தானே செய்துவிடுகிறது. அதைச் செய்ததும் இதுவரை வெள்ளைப் பொடியாக இருந்தது இரண்டு கூட்டமாகப் பிரிந்தது. பிரகாசமானவை ஆரஞ்சு: எரிபொருள் தீர்ந்து ஊதிப்போன செம்பெருமீன்கள். அவற்றைவிடச் சற்று மங்கலாக, இடையிடையே, நீலப் புள்ளிகள்: அந்தக் கட்டத்தைக் கடந்து நடுவில் ஹீலியத்தை எரிக்கத் தொடங்கியவை. எம்13-இல் இந்த நீலங்கள் அதிகம். கொத்தின் வயது ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேல். நம்மிடமிருந்து தூரம் 22 ஆயிரம் ஒளியாண்டுக்குக் குறையாது. 1974-இல் அரெசிபோ ரேடியோத் தொலைநோக்கியிலிருந்து வேற்றுலகவாசிகளுக்கென்று செய்தி அனுப்பியது இந்தக் கொத்தை நோக்கித்தான்.

விசிறி தெரிந்தது. பளிச்சென்று சொல்ல முடியாது; கண்ணைக் கொஞ்சம் சுருக்கிப் பார்த்தால் மூன்று இருண்ட வழிகள் ஓரிடத்தில் கூடுவது தெரியும். படத்தின் ஒரு மூலையில், கொத்திலிருந்து அரை டிகிரிக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், என்ஜிசி 6207 என்ற விண்மீன் மண்டலம் ஓர் அரிசி அளவு சாய்ந்து கிடந்தது. முட்டைப் படத்திலும் அது இருந்திருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை.

மற்றக் கொத்துகளுக்கு இதே முறை பெரும்பாலும் பொருந்தும், சில திருத்தங்களோடு. எம்4 தளர்வானது, நடுவில் நட்சத்திரங்கள் வரிசைகட்டி ஒரு கோடுபோல நிற்கும். அதற்கு 60 விநாடி தாராளமாகத் தாங்கும். மெஸ்ஸியே தனித்தனி நட்சத்திரங்களாகப் பிரித்துப் பார்த்த ஒரே கோளக் கொத்து அதுதான் என்பதில் ஆச்சரியமில்லை. புதிதாக ஆரம்பிப்பவர்கள் எம்13-ஐ விட்டுவிட்டு எம்4, எம்22 பக்கம் போவது புத்திசாலித்தனம். எம்15 நேர் எதிர். அதன் மையம் உள்ளுக்குள் சரிந்து இறுகியது. 30 விநாடியில் தாங்கவில்லை, 15-க்கு இறங்கினேன். அப்போதும் நடுவில் ஒரு முள் முனை மாதிரி பிரியாமல் நிற்கிறது. என் 150 மி.மீ. கண்ணாடிக்கு அதற்கு மேல் வராது.

எம்3-ஐ எடுத்தது படத்துக்காக அல்ல. அந்தக் கொத்தில் 200-க்கும் மேற்பட்ட மாறும் விண்மீன்கள் உண்டு, பெரும்பாலானவை ஆர்ஆர் லைரே வகை. அரை நாளை ஒட்டிய கால அளவில் மங்கிப் பிரகாசிப்பவை; ஏறும்போது மட்டும் விறுவிறுவென்று ஏறும். குறுகிய எக்ஸ்போஷராக நூற்றுக்கணக்கில் எடுத்து வைத்திருப்பதால், மொத்தத்தையும் ஒரே ஸ்டேக் ஆக்காமல், இரவின் முதல் இருபது படத்தை ஒன்றாகவும் கடைசி இருபதை ஒன்றாகவும் சேர்த்தேன். இரண்டுக்கும் நடுவே மூன்றரை மணி நேரம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து மாற்றி மாற்றிக் காட்டும்படி செய்தேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. நடுவை விட்டு ஓரத்துக்கு வந்ததும் ஒன்று சிமிட்டியது. பிறகு அதற்கு மேலே இன்னொன்று. கண் பழகியதும் வரிசையாக வர ஆரம்பித்தன. ஏழு எண்ணினேன், எட்டாவது சந்தேகம். ஒன்று முதல் படத்தில் பக்கத்து நட்சத்திரத்தைவிட மங்கல். கடைசிப் படத்தில் அதைத் தாண்டி நின்றது. குறிப்பேட்டில் அதன் இடத்தை ஒரு சின்ன வரைபடமாகப் போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதி வைத்திருக்கிறேன். மேகம் விட்டால் நாளை இரவு அதையே 5 நிமிடத்துக்கு ஒரு ஸ்டேக் என்று பிரித்து, ஏறுவதை முழுக்கப் பிடிக்க வேண்டும்.